ஒரே ஒரு போல்ட்தான் என்றார்கள்

மஞ்சள் விளக்கு எரிவதற்கு இரண்டு மாதம் முன்பே கார் என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை.

வண்டியை நிறுத்துவதற்காக மெதுவாக பிரேக் மிதிப்பேன். ஏறக்குறைய நின்றேவிட்ட நேரத்தில் காலுக்கடியில் பெடல் கரகரவென்று நடுங்கும். ஒரு நொடிதான். காய்ந்த சாலை, வேகம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது, சறுக்குவதற்கு ஒன்றுமே இல்லை. பிரேக் பேடு தேய்ந்துவிட்டதோ என்று டயரைக் கழற்றிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. சரி, வயசான வண்டி, ஏதோ முனகுகிறது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு மழை நாளில் ஏபிஎஸ் விளக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடுதான் ஏபிஎஸ். நடுக்கம் நின்றுவிட்டது. ஏபிஎஸ்ஸே தன்னை அணைத்துக்கொண்டால் எங்கே நடுங்கும்?

பட்டறையில் பார்த்தவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "சென்சார் போயிருச்சு, ஹப்போட சேர்த்து மாத்தணும் சார்" என்றார். ஹப் என்பது சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "இதுல அப்படித்தான் வரும்." மீட்டர் வைக்கவில்லை, டயரைக் கழற்றவில்லை. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். வவுச்சர் இல்லாமல் எந்தச் செலவையும் ஒப்புக்கொள்கிற பழக்கம் இல்லை. வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

ஓட்டலாமா என்று கேட்பீர்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். அவசரத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு' சின்ன விஷயம் இல்லை, அதனால் இடைவெளி விட்டு மெதுவாக வந்தேன். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதையே வேறு. அப்போது வண்டியை நகர்த்தவே கூடாது.

இரவு உட்கார்ந்து யோசித்ததில் அந்த நடுக்கத்தின் அர்த்தம் பிடிபட்டது. ஒவ்வொரு சக்கரத்தோடும் பல் வைத்த ஒரு வளையம் சுற்றுகிறது. அதன் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரின் மூக்கு. உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். பல் கடக்கும்போதெல்லாம் காந்தப்புலம் அசைந்து சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. சக்கரம் வேகமாகச் சுற்றினால் சிக்னல் பெரிதாக இருக்கும், மெதுவானால் சுருங்கும். மூக்கு கொஞ்சம் விலகிப்போனாலும் சுருங்கும். ஆக, மூக்கு விலகியிருக்கிற வண்டி நிற்கப்போகும் நேரத்தில் அந்த ஒரு சக்கரத்தின் சிக்னல் மட்டும் மற்ற மூன்றுக்கும் முன்பே செத்துவிடும். கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? மூன்று சக்கரம் சுற்றுகிறது, ஒன்று நின்றுவிட்டது, பூட்டிக்கொண்டது என்று நினைத்து அந்த பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அதுதான் என் காலுக்குத் தெரிந்த கரகர.

1978-ல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தபோது அது வசதியுள்ளவர்கள் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்ட சமாச்சாரம். இன்று என் ஓட்டை வண்டியிலும் இருக்கிறது. ஆனால் நான்கு மூக்கில் ஒன்று போனால் மொத்தமும் படுத்துக்கொள்கிறது.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிப்பதில் ஒரு நாள் வீணானது. வண்டியில் பதிவான கோளாறு எண்களைப் படிக்க என்னிடம் இருந்த சின்ன ஓபிடி கருவி "கோளாறு எதுவும் இல்லை" என்று சத்தியம் செய்தது. அது எஞ்சினை மட்டும் படிக்கிற கருவி. ஏபிஎஸ் பெட்டியோடு பேசத் தெரிந்த கருவி வேண்டும். நண்பரிடம் இரவல் வாங்கி மாட்டினேன். சி0040 என்ற கோளாறு எண் வந்தது, முன்பக்க வலது சக்கரம். இடது என்றால் சி0035.

எண் வந்தவுடன் சென்சாரை வாங்கப் போகக் கூடாது. அந்த எண் சொல்வது சர்க்யூட்டில் கோளாறு என்றுதான். வயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, போனட்டுக்குள் சஸ்பென்ஷன் பக்கமாக வந்து நிற்கும் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். முதலில் நல்ல பக்கம், அதாவது இடது: 1.1 கிலோ ஓம். இந்த வகை சென்சாரில் ஒன்று, ஒன்றரை கிலோ ஓம் இருப்பது சகஜம். பிறகு வலது: மீட்டர் அசையவே இல்லை, திறந்த சர்க்யூட், அதாவது உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. வயரை நீளம் முழுக்க வளைத்து, ஆட்டி, இழுத்துப் பார்த்தேன். மாற்றமில்லை. மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றியபோது இடதில் 300 மில்லிவோல்ட் வந்தது. வலதில் பூஜ்யம். எனக்கு வவுச்சர் கிடைத்துவிட்டது.

புதிய கார்களில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை. வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி வேலை செய்யும் மின்னணுச் சில்லு அதற்குள் இருக்கும். அதில் ஓம் அளந்தால் எதுவும் தெரியாது, சில்லு கெட்டுப்போகவும் கூடும். உங்கள் வண்டியில் எந்த வகை என்று சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துவிட்டு மீட்டரை எடுங்கள்.

சென்சார், பட்டறையில் சொன்ன தொகையில் ஆறில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. கார் கம்பெனியின் முத்திரை இல்லாதது, ஆனால் படுமட்டமும் இல்லை. இடதும் வலதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்; வயர் நீளமும் கிளிப்பின் கோணமும் வேறு. பழையதன் வயரில் இருந்த எண்ணைத் துடைத்துப் படித்து, அந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்கினேன். டப்பாவைப் பிரித்ததும் முதல் வேலையாக மீட்டரில் வைத்தேன். 1.2. நல்லது.

இனி ஒரே ஒரு போல்ட்தான். பார்த்த வீடியோக்களில் எல்லாம் அப்படித்தான் சொன்னார்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தூக்குவதற்கு முன்பே நட்டுகளை இளக்கிக்கொண்டேன். ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினேன். இந்த மொத்த வேலையிலும் நான் காசு பார்க்காத ஒரே பொருள் அந்த ஸ்டாண்ட்தான். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் கையை நீட்ட எனக்குத் தைரியமில்லை.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்ததும் ஹப்பைத் தாங்கி நிற்கும் இரும்புத் துண்டான நக்கிளின் பின்புறம் கைக்கு எட்டியது. மகள் டார்ச் பிடித்தாள். 10 எம்எம் ஸ்பேனர் போட்டதும் போல்ட் சமர்த்தாகக் கழன்றது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "முடிஞ்சுதாப்பா?" என்றாள். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

சென்சார் வரவில்லை. இரும்பு நக்கிளில் பிளாஸ்டிக் சென்சார், இரண்டுக்கும் நடுவில் பல வருடத் துரு. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கேட்டு வாங்கிக்கொள்ளும். ஓட்டைக்குள் வளர்ந்து சென்சாரை நாலா பக்கமும் இறுக்கிப் பிடித்திருந்தது. துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். போல்ட் நுழைகிற சென்சாரின் காதைக் குறடால் பிடித்து இப்படியும் அப்படியும் ஒரு நூல் திருகினேன். மறுபடி எண்ணெய், மறுபடி திருகல். மூன்றாவது சுற்றில் "டக்".

"உடைஞ்சிருச்சாப்பா?"

"இல்லம்மா. பாதி வந்திருக்கு."

காதும் தலையும் வயரும் என் கையில். உடம்பு ஓட்டைக்குள், நக்கிளோடு மட்டமாக. இந்தக் கட்டத்தில் டிஸ்க்கைக் கழற்றிப் பின்னாலிருந்து தட்டி எடுக்கிறவர்கள் உண்டு, அதற்கு வசதியான வண்டிகளில். என் வண்டியில் அந்தப் பக்கம் பல் வளையம் நிற்கிறது. தட்டினால் அதில் போய் முட்டும், வளையத்தில் கீறல் விழுந்தால் அது தனிச் செலவு. நிறைய ஆழமாகத் துளை போட்டாலும் அதே கதிதான்.

கொஞ்ச நேரம் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு 3 எம்எம் டிரில் பிட்டில், நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி டேப் சுற்றினேன், அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது என்று எனக்கே ஓர் எச்சரிக்கை. மிச்சமிருந்த பிளாஸ்டிக்கின் நடுவில் மெதுவாகத் துளை. அதில் ஒரு தடித்த மர ஸ்க்ரூவை பாதிவரை முறுக்கினேன். மறுபடி எண்ணெய். ஸ்க்ரூ தலையைக் குறடால் கவ்வி, இழுக்காமல் முதலில் திருப்பினேன். இடது, வலது, இடது. பழுப்பு நிறக் குழம்பு ஒன்று ஓரத்தில் கசிந்தது. சட்டென்று ஓர் இளக்கம், அப்புறம் அழுகின பல் போல மொத்தமும் "பொத்" என்று கையோடு வந்தது. மகள் டார்ச்சை விட்டுவிட்டுக் கை தட்டினாள்.

இங்கேதான் பலரும் புதியதைச் செருகிவிட்டு எழுந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நான் நாற்பது நிமிடம் அந்த ஓட்டையோடுதான் இருந்தேன். சென்சாரின் காது உட்காரும் இடத்தில் துரு அடுக்கடுக்காகப் பொருமி நின்றது. நகத்தால் நெம்பினால் பொருக்குப் பொருக்காக வந்தது. அந்தப் பொருக்குதான் காதை மேலே தூக்கி, மூக்கை வளையத்திலிருந்து விலக்கிவிட்டிருந்தது. முதல் இரண்டு மாத நடுக்கம் அதன் வேலை. அதை விட்டுவிட்டுப் புது சென்சார் போட்டால் அதுவும் தள்ளித்தான் உட்காரும்.

ஓட்டையின் உள்வாயில் ஈரத்துணியை அடைத்தேன், துகள் உள்ளே விழாமல் இருக்க. பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி ஓட்டைக்குள் சுழற்றினேன். காது உட்காரும் முகத்தைப் பழைய திருப்புளியால் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். துணியை எடுத்ததும் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி வளையத்தின் பற்களைப் பார்த்தேன். விரிசல் இல்லை. பல் சந்துகளில் அப்பியிருந்த துருவைப் பழைய டூத்பிரஷ்ஷால் எடுத்தேன்.

புதியது கை அழுத்தத்திலேயே உள்ளே போனது. போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஓட்டை இன்னும் சுத்தமாகவில்லை என்று அர்த்தம். உடம்பில் மட்டும் சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவினேன், மூக்கில் படாமல். செம்பு கலந்த கிரீஸை இங்கே போடக் கூடாது. அதிலிருக்கும் உலோகத் தூள் சென்சாருக்கு ஆகாது. போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்க வேண்டியதில்லை, எட்டு பத்து நியூட்டன் மீட்டர் போதும். சின்ன ஸ்பேனரில் விரல்களால் இறுக்கும் பலம்தான் அது.

வயரைப் பழையது போன வழியிலேயே கொண்டுபோய் எல்லா கிளிப்பிலும் மாட்டினேன். ஒரு கிளிப் கிழவனாகி உடைந்துவிட்டது, அங்கே மட்டும் பிளாஸ்டிக் டை. பிறகு மகளை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பச் சொன்னேன். வயர் எங்கும் விறைக்கவில்லை, டயர் வரும் பக்கம் தொங்கவும் இல்லை.

கருவியில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு வண்டியை எடுத்தேன். கிளம்பும்போது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, வயிறு கலங்கியது. இருபதைத் தாண்டியதும் அணைந்தது. ஆள் அரவமற்ற நேரான சாலையில், பின்னால் யாரும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, நாற்பதில் ஓங்கி மிதித்தேன். பெடல் படபடத்தது, வண்டி நேராக நின்றது. அப்புறம் வழக்கம்போல மெதுவாக மிதித்து நிறுத்திப் பார்த்தேன். கரகர இல்லை. மறுநாள் சக்கர நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துக்கொண்டேன். மொத்தம் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது, அதில் போல்ட்டுக்கு இரண்டு நிமிடம்.

இரவு பழைய சென்சாரைக் குறடால் நொறுக்கிப் பார்த்தோம். மூக்கின் பக்கவாட்டில் முடி போல ஒரு விரிசல். துரு இறுக்கிய இறுக்கில் வெடித்திருக்க வேண்டும். அதன் வழியே தண்ணீர் இறங்கி, தலைமுடியைவிட மெல்லிய செம்புச் சுருள் ஓரிடத்தில் பச்சையாகி, பச்சை இருந்த இடத்தில் கம்பியே இல்லை. மழை நாளில் விளக்கு வந்தது அதனால்தான். காந்தம் மட்டும் நன்றாக இருந்தது, இரும்புத்தூள் தாடி வைத்துக்கொண்டு. மகள் அதைக் கழுவி எடுத்துக்கொண்டாள்.

இடது பக்கம் இன்னும் 1.1 கிலோ ஓம்தான், குறையில்லை. ஆனால் அங்கேயும் காதுக்கடியில் பொருக்கு தட்டுகிறது. இப்போது வாரம் ஒரு முறை அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வருகிறேன், பிரேக் டிஸ்க்கில் படாமல். அடுத்த மாதம் அதை உடைக்காமல் வெளியே எடுத்து, அந்த ஓட்டையையும் தேய்த்துவிட்டு, அதே சென்சாரைத் திருப்பிச் செருகுவதாகத் திட்டம்.