ஊசி நடுவுக்கு வராத லாரி

சுங்கை காடுட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு அண்மையில் ஒரு 14 அடி லாரி வந்தது. பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் அதிகாலை மூன்று மணிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு, தேக்காவிலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும் இறக்கிவிட்டு, பிறகு தோ பாயோ பக்கம் இரண்டு ஈரச்சந்தைகளுக்குப் போய், காலை ஒன்பது மணிக்குள் ஓய்ந்துவிடும் வண்டி அது. இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக அதன் புகை வடிகட்டி விளக்கு எரிந்திருந்தது. வேறொரு பட்டறையில் முதல் முறை, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் புகையின் அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் அழுத்த வேறுபாட்டு சென்சாரை மாற்றியிருந்தார்கள். இரண்டாம் முறை வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருந்தார்கள். மூன்றாம் முறை, புது வடிகட்டி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"தம்பி, நாலாயிரம் வெள்ளிக்கு மேல ஆகுமாம். நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் உரிமையாளர்.

சுத்தம் செய்து மாட்டிய வடிகட்டி 19 நாளில் மறுபடியும் அடைத்துக்கொண்டது என்றால், அதை மாற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினாலும் இருபதாம் நாள் அதுவும் அடைத்துக்கொள்ளத்தான் போகிறது. கரி ஏன் இவ்வளவு வேகமாகச் சேர்கிறது, அல்லது சேர்ந்த கரி ஏன் எரியவில்லை என்பதைத்தான் தேட வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

சிங்கப்பூரில் யூரோ 6 என்னும் புகை மாசு விதி டீசல் வண்டிகளுக்கு 2018 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது; இந்த லாரி அதற்குப் பிறகு பதிவானது. வடிகட்டியின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. அதன் நீண்ட துளைகளில் ஒன்றுக்கு முன்வாய் அடைபட்டிருந்தால் அடுத்ததற்குப் பின்வாய் அடைபட்டிருக்கும். ஆகவே புகை பீங்கான் சுவரை ஊடுருவித்தான் வெளியேற முடியும், கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரி தானாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். பாரம் ஏற்றிக்கொண்டு நெடுநேரம் ஓடும் வண்டியில், வடிகட்டிக்கு முன்னால் உள்ள வினையூக்கி உண்டாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடின் துணையால் 300 டிகிரி அளவிலேயே கரி மெதுவாக எரிந்துகொண்டிருக்கும். அப்படி நெடுநேரம் ஓட வாய்ப்பில்லாத வண்டியில், கரி ஒரு வரம்பைத் தொட்டதும் எஞ்சின் கணினி கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளித்து, அதை வினையூக்கியில் எரியவைத்து, புகையைச் சூடாக்கும். இதைத்தான் நாங்கள் ரீஜென் என்கிறோம். 3.5 டன்னைத் தாண்டிய லாரிகளுக்கு இங்கே விரைவுச்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனாலும் ஒரு மணி நேரம் ஆகாது. வடிகட்டிக்கு இது வசதியான ஊர் இல்லை.

பிழைக் குறியீடுகளை எழுதிக்கொள்ளாமல் அழிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காத ஒன்று. ஸ்கேனரில் பி 2463 இருந்தது. கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். முந்தைய பட்டறையின் ரசீதில் பி 2453 என்று எழுதியிருந்தார்கள். சென்சார் காட்டும் அளவு நம்பத்தக்கதாக இல்லை என்பதுதான் அந்தக் குறியீடு சொல்வது. சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. குழாயில் ஓட்டை விழுந்தாலும், குழாய் அடைத்தாலும், வடிகட்டியே மிதமிஞ்சி அடைத்துக்கொண்டாலும் கணினிக்கு அந்தச் சந்தேகம் வரலாம்.

எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தேன். அப்போது வடிகட்டியின் இரு பக்கமும் ஒரே காற்று என்பதால் சென்சார் பூச்சியம் காட்ட வேண்டும், காட்டியது. எஞ்சின் சும்மா ஓடும்போது 2.1 கிலோபாஸ்கல், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 11. இந்த அளவுகள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் என்றாலும், இந்த ரக லாரியில் சுத்தமான வடிகட்டிக்குச் சும்மா ஓடும்போது 1-க்குக் கீழேதான் நான் பார்த்திருக்கிறேன். பிறகு சென்சாரின் இரண்டு ரப்பர் குழாய்களையும் கழற்றி ஊதிப் பார்த்தேன், அடைப்பு இல்லை. வடிகட்டிக்கு முந்தைய பக்கத்துக் குழாய் வெடித்திருந்தால் அளவு குறைந்து காட்டும். பிந்தைய பக்கத்துக் குழாய் வெடித்திருந்தால் சற்றுக் கூட்டிக் காட்டும், ஏனெனில் அதற்குப் பின்னாலும் யூரியா வினையூக்கியும் சைலன்சரும் கொடுக்கும் எதிர் அழுத்தம் ஒன்று இருக்கிறது. கடைசியாகக் கைப்பம்பினால் சென்சாருக்கு நேரடியாக 10 கிலோபாஸ்கல் கொடுத்தேன். ஸ்கேனர் 9.9 என்றது. சென்சார் சொல்வது உண்மை. வடிகட்டி உண்மையிலேயே அடைத்திருக்கிறது.

வண்டியை இரவு பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. ஓர் இரவு முழுக்க ஆறிய வண்டியில் எல்லா வெப்பநிலை சென்சார்களும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 60 என்றோ 5 என்றோ காட்டினால் குற்றவாளி அகப்பட்டுவிடும். செலவே இல்லாத சோதனை இது, ஆனால் அவசரத்தில் யாரும் செய்வதில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குப் புகைக் குழாயின் மூன்று சென்சார்களும் 28, 27, 28 என்றன. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலண்ட் 28, உள்ளிழுக்கும் காற்று 28. எல்லாம் நல்லபடியாக இருந்தன, அதுதான் எரிச்சலாக இருந்தது.

அடுத்து, கரி அதிகமாக உண்டாகிறதா என்று பார்த்தேன். டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாய்களில் கசிவு இல்லை. புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு ஒழுங்காகத் திறந்து மூடியது. டீசல் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் கணினி கொடுக்கும் திருத்த அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தன. இதிலேயே அரை நாள் போய்விட்டது. எஞ்சின் எண்ணெயின் மட்டம் பார்க்கும் கோலை உருவிப் பார்த்தபோதுதான் முதல் துப்பு கிடைத்தது. எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது, டீசல் வாடை வீசியது. ரீஜென் தொடங்கித் தொடங்கிப் பாதியில் நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தாமதமாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு வழிந்து எண்ணெயில் கலந்திருக்கிறது.

ஏன் பாதியில் நின்றது என்பதை ஓட்டுநர்தான் சொன்னார். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன், நான் கேட்காமலே சொன்னான்: "அண்ணே, இந்த வண்டியில ஹீட் ஊசி நடுவுக்கு வந்து நான் பாத்ததே இல்ல. அது கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

கூலண்டின் சூட்டைக் காட்டும் அந்த ஊசி கெடவில்லை. கிராஞ்சி விரைவுச்சாலையில் அவனையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்துகொண்டேன். 25 நிமிடம் ஓடிய பிறகும் கூலண்ட் 61-க்கும் 66-க்கும் இடையிலேயே நின்றது. இந்த வண்டியில் கூலண்ட் 70 டிகிரியைத் தாண்டினால்தான் கணினி ரீஜெனை அனுமதிக்கும். விரைவுச்சாலையை விட்டு இறங்கிச் சிவப்பு விளக்கில் கொஞ்ச நேரம் நின்றால் 71-க்கு ஏறும், ரீஜென் தொடங்கும்; கிளம்பிக் காற்று அடித்ததும் 64-க்கு இறங்கும், ரீஜென் நின்றுவிடும்.

எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடிவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பட்டறைக்குத் திரும்பி அதன் கூட்டைக் கழற்றினேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, "ஆமா தம்பி, ரெண்டு வருஷம் முன்னாடி சூடாகுதுன்னு எதையோ எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் நல்லாத்தான் ஓடுச்சு" என்றார். இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கேட்கும் மூத்த மெக்கானிக்குகளை எனக்கும் தெரியும். நான் தொழில் கற்றுக்கொண்டவரே அப்படித்தான். வடிகட்டி இல்லாத பழைய எஞ்சினில் அதன் விளைவு கண்ணுக்குத் தெரியவில்லை, டீசல் கொஞ்சம் கூடக் குடித்தது, அவ்வளவுதான். இந்த லாரி அன்று சூடானதற்கு உண்மைக் காரணம் ரேடியேட்டரில் படிந்திருந்த சேறு. அது இன்னும் அங்கேயேதான் இருந்தது.

இங்கே என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். கூலண்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று சொல்லும் பி 0128, உறுதியாகாத பிழைகளின் பட்டியலில் முதல் நாளே இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் திறந்தே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அரை நாள் மிச்சம். முந்தைய பட்டறையில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டதால் அது உறுதியான பிழையாக முதிர வாய்ப்பே கிடைத்திருக்காது.

82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை மாட்டி, ரேடியேட்டரைக் கழுவி, எண்ணெயை மாற்றினேன். டீசல் கலந்த எண்ணெயோடு ரீஜென் செய்வது எஞ்சினுக்கு ஆபத்து. எண்ணெய் ஜப்பானியத் தரத்தில் டிஎச்-2 ஆக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். எண்ணெயில் உள்ள கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகி வடிகட்டியில் தங்கும். கரி எரியும், சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது. சாம்பல் குறைந்த எண்ணெய் என்பதற்குத்தான் அந்தத் தரம்.

பிறகு ஸ்கேனர் வழியாகக் கட்டாய ரீஜென். கணினி காட்டிய கரி அளவு அதற்கு அனுமதிக்கும் வரம்புக்குள் இருந்தது. வரம்பை மீறிய வடிகட்டியில் இதைச் செய்தால் கரி ஒரே மூச்சில் பற்றிக்கொண்டு பீங்கானைப் பிளந்துவிடும். திறந்த வெளியில், குழாய் முனைக்குப் பின்னால் எதுவும் இல்லாதபடி நிறுத்தி, 35 நிமிடம். வடிகட்டி வாயிலில் 610 டிகிரி வரை ஏறியது. ஆறிய பிறகு அளந்தால் சும்மா ஓடும்போது 0.6, 2,500 சுற்றில் 3.2. குழாய் முனையை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் கரி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் பீங்கான் உள்ளே உடைந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது அழுத்த வேறுபாடு குறைவாக இருப்பதைப் பார்த்து மகிழ்ச்சி அடைய முடியாது.

அளவு குறைவாக இருப்பதை நம்பி நான் ஏமாந்ததும் உண்டு. சில மாதங்களுக்கு முன் வந்த இன்னொரு லாரியில், சென்சாரை மாற்றியவர் இரண்டு குழாய்களையும் இடம் மாற்றி மாட்டியிருந்தார். எஞ்சின் வேகம் கூடக் கூட அளவு பூச்சியத்துக்குக் கீழே போனது. அதைப் பூச்சியம் என்று எண்ணி, வடிகட்டி சுத்தம் என்று நானே முதலில் சொல்லிவிட்டேன்.

ஓட்டுநரிடம் பேச வேண்டியதும் ஒன்று இருந்தது. நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம் என்பதால், சரக்கு இறக்கும் இடத்துக்கு வந்ததும் அவன் உடனே அணைத்துவிடுவான், அது சரிதான். ஆனால் ரீஜென் விளக்கு எரியும் நேரத்தில் அந்த இடத்துக்கே போகாமல், ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஒரு கியர் குறைத்து இருபது நிமிடம் கூடுதலாக ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். டீசல் செலவு என்று முதலாளி திட்டுவாரே என்றான். அதை நான் அவரிடம் சொல்லிவிட்டேன். நாலாயிரம் வெள்ளி நினைவில் இருந்ததால் அவர் மறுக்கவில்லை.

ஆறு வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை எண்ணெய்க் கோலைப் பார்க்க வரச் சொல்லியிருந்தேன்: மட்டம் ஏறவில்லை, அழுத்த வேறுபாடு 0.7, கூலண்ட் 84. வருடாந்திரப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் போக வேண்டிய வண்டி அது. அதற்கு ஒரு வாரம் முன்னால் மறுபடியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.