பதினாறரைக் கோடியும் ஒரு நீள நோட்டும்

எங்கள் தெரு அணியின் வரவு செலவு நோட்டு ஏழு ஆண்டுகளாக என் வீட்டு பீரோவில் இருக்கிறது. வியாசர்பாடியில் பந்து உதைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கணக்கு எழுத ஒருவன் அகப்படுவதுதான் அரிது என்பதால், முழங்கால் போன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. எங்களுக்கு ஆஃப் சீசன் என்றால் மழைக்காலம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கத் தொடங்கினால் மைதானமும் சேறாகிவிடும். அப்போது நோட்டை வெளியே எடுத்து, பொங்கல் டோர்னமென்ட்டுக்கு யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு கொடுப்பது என்று உட்கார்ந்து பேசுவோம். இந்த முறை பேச உட்கார்ந்தபோது மனம் நம் ஊர் தொழில்முறைக் கால்பந்து அணியான சென்னையின் எஃப்.சி.யின் கோடைக்காலங்களைத்தான், அதாவது இரண்டு சீசன்களுக்கு இடையே வீரர்களையும் கோச்சையும் மாற்றும் மாதங்களைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த அணியின் தொகைக்கும் எங்கள் தொகைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு என்றாலும், இரண்டு பேரும் செய்த தவறு ஒன்றேதான் என்று எனக்குப் படுகிறது.

அந்த அணி ஆடும் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். போட்டியில் ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. நான் பேசப் போகும் 2020ஆம் ஆண்டு வாக்கில் அது 16.5 கோடி ரூபாய். பணக்கார உரிமையாளர் எல்லா நல்ல வீரர்களையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது, கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கும் அடுத்த ஆண்டு ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். இதில் நம்மில் பலர் கவனிக்காத ஒரு விஷயம், இந்த வரம்பு வீரர்களின் சம்பளத்துக்குத்தான், பயிற்சியாளரின் சம்பளத்துக்கு இல்லை என்பது. ஆகவே கோச்சை மாற்றுவது உரிமையாளருக்கு வரம்பைத் தொடாத, தனிப் பையிலிருந்து போகும் செலவுபோலத் தெரிகிறது. உண்மையில் அதன் செலவு அடுத்த ஆண்டு வீரர்களின் கணக்கில்தான் வந்து விழுகிறது. ஒரு கோச்சின் ஆட்டத்துக்காக வாங்கிய வீரன் அடுத்த கோச்சின் ஆட்டத்தில் பாதி விலைக்குக்கூடப் பெறமாட்டான். வரம்பிலோ அவனுக்கு முழு விலை நிற்கும்.

2018 மார்ச் 13 அன்று நாங்கள் பதினோரு பேர் வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போனோம். கோவா அணியுடன் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். 26ஆவது நிமிடத்தில் நம் முன்னணி வீரர் ஜெஜெ தலையால் ஒரு கோல் போட்டார். கூச்சல் அடங்குவதற்குள், 29ஆவது நிமிடத்தில் தன்பால் கணேஷ் அடுத்ததைப் போட்டார். எங்கள் வியாசர்பாடிப் பையன் அவர். என் பக்கத்தில் இருந்தவன் அழுதுவிட்டு, கண்ணில் வியர்வை விழுந்துவிட்டதாகச் சொன்னான். 3-0 என்று முடித்து, நான்கு நாள் கழித்துப் பெங்களூரில் அந்த ஊர் அணியையே 3-2 என்று வீழ்த்தி, 2015க்குப் பிறகு இரண்டாவது முறையாகக் கோப்பையை வாங்கினார்கள். கோச் இங்கிலாந்துக்காரரான ஜான் கிரிகரி.

இங்கே என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்லிவிட வேண்டும். அடுத்த சீசனிலும் அதே கிரிகரிதான் கோச், வென்ற அணியின் பெரும்பகுதியும் அப்படியே இருந்தது. ஆனால் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாம் இடம். எனவே கோச்சைப் பிடித்து வைத்திருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கோச் யார் என்பது தீர்மானமாகாமல் வீரர்களுக்குப் பணத்தைக் கட்டாதீர்கள், கோச் போன பிறகு அவருடைய வீரர்களின் சாயலில் வேறு வீரர்களைத் தேடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

2019-20 சீசன் அதற்கு நல்ல பாடம். ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி என்ற நிலையில் கிரிகரி விலக, டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். புதிதாக யாரையும் வாரிக் குவிக்கவில்லை. கையில் இருந்தவர்களை இடம் மாற்றி, முன்னால் ஓட விட்டார். நடுவரிசையில் ரஃபேல் கிரிவெல்லாரோ பந்தைப் பிடித்துத் தலையைத் தூக்குவதற்குள் லிதுவேனிய முன்னணி வீரர் நெரியஸ் வால்ஸ்கிஸ் கிளம்பியிருப்பார். அந்த இருவருக்கும் இடையே இருந்த புரிதலைப் பார்ப்பதற்கே டிக்கெட் எடுக்கலாம். அடிமட்டத்தில் கிடந்த அணி நான்காம் இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 6-5 என்று கடந்து இறுதிக்குப் போயிற்று. வால்ஸ்கிஸ் 15 கோல். 2020 மார்ச் 14 அன்று, கொரோனா காரணமாக ஆளில்லாத மைதானத்தில், கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வி எனக்கு வலிக்கவில்லை. அதன் பிறகு வந்த கோடைதான் வலித்தது.

கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். எந்த வீரனும் தன்னை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் பின்னால்தான் போவான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையின் எஃப்.சி. ஆகஸ்ட் இறுதியில்தான் சாபா லாஸ்லோவைப் புது கோச்சாக அறிவித்தது. சீசனோ நவம்பரில் தொடங்கிவிட்டது. கிரிவெல்லாரோ தங்கினார், கேப்டனும் ஆனார், சீசன் நடுவிலேயே காயத்தில் வீழ்ந்தார். அவருடைய பந்துக்காகப் பறக்கும் அந்த லிதுவேனியக்காரர் இல்லாத இடத்தில் வேறு இருவர் மாறி மாறி நின்றார்கள். 20 ஆட்டங்களில் 3 வெற்றி, 6 தோல்வி, 11 டிரா. டிராக்களைப் பாருங்கள். மோசமான அணி இத்தனை டிரா செய்யாது. பின்வரிசை உழைத்தது, நடுவரிசை ஓடியது, கடைசித் தொடுதலுக்கு மட்டும் ஆள் இல்லை. வரம்புக்கு உட்பட்ட பணத்தைச் செலவழித்துத்தான் இந்த அணியைக் கட்டினார்கள். அதில் எந்த ரூபாயும் வீண் என்று தனியாக எடுத்துக் காட்ட முடியாது. எல்லாம் சேர்ந்து எட்டாம் இடம். கோய்லின் ஜாம்ஷெட்பூரோ அதற்கு அடுத்த ஆண்டு லீக் முதலிடத்துக்கான கேடயத்தை வாங்கியது.

எங்கள் நோட்டிலும் இதே கதை இருக்கிறது, தொகையில் மட்டும் நான்கு பூஜ்யங்கள் குறைவு. அப்போது எங்களுக்கு எர்ணாவூரிலிருந்து ஒரு கோச் வந்துகொண்டிருந்தார். காசிமேட்டிலிருந்து ஓர் உயரமான பையனைக் கெஸ்ட்டாக, அதாவது டோர்னமென்ட்டுக்கு மட்டும் காசு கொடுத்து வெளியிலிருந்து கூப்பிடும் ஆட்டக்காரனாக, அழைத்திருந்தோம். உயரத்தைப் பார்த்து எல்லோரும் அவன் தலைக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்ல, கோச் மட்டும் இரண்டு நாள் பேசாமல் பார்த்துவிட்டு, அவனுக்குத் தரையோடு, இடது காலுக்கு, பின்னாலிருந்து வந்தால்தான் பந்து அடங்கும் என்று கண்டுபிடித்தார். டீக்கடை பெஞ்சில் நான்கு பிஸ்கட்டை வைத்து, எங்கள் குள்ள விங்கர் எந்த இடத்திலிருந்து தள்ளிவிட வேண்டும் என்று காட்டிவிட்டு, அந்த நான்கு பிஸ்கட்டையும் தின்றுவிட்டார். அந்தப் பொங்கலுக்கு, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கோப்பை எங்களுக்கு. பிறகு கோச்சுக்கு வேலை தடா பக்கம் மாறியது. அவரை நிறுத்த வழி இருந்ததா என்று யாரும் யோசிக்கவில்லை. வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில், காசிமேட்டுப் பையனுக்கு மூன்று டோர்னமென்ட்டுக்குச் சேர்த்து 6,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். கணக்கு எழுதியவன் நான்தான். மூன்றிலும் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். கடைசி ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே அவன் சொன்னான்: "அண்ணா, எனக்கு பால் எப்படி வரணும்னு அவருக்குத்தான் தெரியும். இந்தப் புது கோச்சு மேலயே தூக்கித் தூக்கிக் குடுக்கச் சொல்றாரு. நான் இன்னா பண்றது?" பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

இந்தத் தவறின் விலையைக் கடைசிக் காசு வரை கணக்கு எழுதிக் காட்டும் ஊர் அமெரிக்கா. அவர்கள் கால்பந்து என்று அழைப்பது கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்தான். ஆனால் அந்த என்.எஃப்.எல். லீகின் சம்பள வரம்பு விதிகளைப் படித்தால் நம் ஏலச்சீட்டு நன்றாகப் புரியும். வீரன் கையெழுத்திடும்போது பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடலாம். வரம்புக் கணக்கில் மட்டும் அதை ஐந்து ஆண்டு வரை பிரித்து எழுதிக்கொள்ளலாம். முதல் மாதமே சீட்டைத் தள்ளி எடுத்தவர் பணத்தை வாங்கிப் போய்விடுவார், தவணை மட்டும் மாதாமாதம் நிற்கும் அல்லவா, அதுபோல. வீரனை நடுவில் அனுப்பிவிட்டால், எடுத்தவர் ஊரை விட்டுப் போனதும் ஜாமீன் போட்டவரைச் சுற்றி வளைப்பதுபோல, மீதித் தவணையெல்லாம் ஒன்றாகத் திரண்டு அணியின் வரம்பில் வந்து உட்காரும். ஆடாத ஆளுக்காக நிற்கும் அந்தத் தொகையை அங்கே செத்த பணம் என்றே சொல்கிறார்கள்.

டென்வர் அணி 2022இல், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் இடத்துக்கு ரஸ்ஸல் வில்சனை வாங்கி, அந்த செப்டம்பரிலேயே சுமார் 24.5 கோடி டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்புக் கொடுத்தது. கோச் நதானியல் ஹாக்கெட்டுக்கு அதுதான் முதல் ஆண்டு. அந்த சீசன் முடிவதற்குள்ளேயே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த ஷான் பேட்டனுக்கு வேண்டியது வேறு வகை ஆட்டம். 2024 மார்ச்சில் வில்சனை விடுவித்தபோது, நீட்டித்த ஒப்பந்தத்தின் முதல் ஆண்டே இன்னும் தொடங்கியிருக்கவில்லை. வரம்பில் நின்ற செத்த பணம் 8.5 கோடி டாலர், 2024க்கு 5.3 கோடி, 2025க்கு 3.2 கோடி என்று. அந்த ஆண்டு ஓர் அணியின் மொத்த வரம்பே 25.54 கோடி டாலர். ஆனாலும் பேட்டன் தன் ஆட்டத்துக்குத் தானே தேர்ந்தெடுத்த போ நிக்ஸ் என்ற புதுப் பையனை வைத்துக்கொண்டு, 17 ஆட்டங்களில் 10ஐ வென்று, டென்வரை 2015 சீசனுக்குப் பிறகு முதல்முறையாகப் பிளேஆஃப் என்ற, கோப்பைக்கான கடைசிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு செத்துக் கிடக்கும்போது இது நடந்தது என்பதைப் படித்த இரவு நான் எங்கள் நோட்டை எடுத்து அந்த 6,000 ரூபாய் வரியை மறுபடி பார்த்தேன்.

சென்னையின் எஃப்.சி.யில் லாஸ்லோவுக்குப் பிறகு போஜிதார் பந்தோவிச், அவரும் சீசன் நடுவில் போனதும் மீதி ஆட்டங்களுக்கு நம் சபீர் பாஷா, பிறகு தாமஸ் பிரடாரிச். தொடர்ந்து மூன்று சீசன் எட்டாம் இடம். இதற்கிடையில் களத்தில் இறங்கக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கை 2021-22 முதல் ஐந்திலிருந்து நான்காகக் குறைந்தது. அதாவது ஒவ்வொரு வெளிநாட்டு ஒப்பந்தத்திலும் தவறு செய்வதற்கான இடம் இன்னும் சுருங்கியது. வால்ஸ்கிஸே 2022 ஜனவரியில் திரும்பி வந்தார். அவரைப் பறக்க வைத்தவர் அப்போது எதிரணியில் இருந்தார். 2023இல் கோய்லும் திரும்பினார், அந்த சீசனில் ஆறாம் இடம் பிடித்துப் பிளேஆஃப் வரை போனார்கள், அடுத்ததில் பதினொன்றாம் இடம். பிரிந்த இருவரும் வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு வாசல் வழியாக வந்தது, கணக்கு எழுதுபவனுக்குச் சிரிப்பையும் எரிச்சலையும் ஒன்றாகத் தரும் காட்சி.

2025இல் கோச் பொறுப்பு கிளிஃபோர்ட் மிராண்டாவிடம் வந்தது. 2023இல் ஒடிஷாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்த கோவாக்காரர் அவர். லீகை நடத்தும் உரிமை ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்ததால் ஜூலையிலேயே புதிய சீசனை நிறுத்திவைத்துவிட்டார்கள், ஆகவே எந்த அணிக்கும் உருப்படியாகத் திட்டம் போட முடியாத கோடையாக அது போய்விட்டது. என்னிடம் கேட்டிருந்தால், அப்படி ஒரு காலத்தில் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: மிராண்டாவுக்கு மூன்று ஆண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் கேட்கும் வரை எந்த வெளிநாட்டு முன்னணி வீரனின் ஏஜென்ட்டுக்கும் பதில் சொல்லாமல் இருப்பது. என்னிடம் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

எங்கள் பக்கம், பழைய கோச்சுக்கு ஷிஃப்ட் மாறியிருக்கிறது. ஞாயிறுகளில் வர முடியும் என்கிறார். கையில் இருப்பது 11,400 ரூபாய். பையன்கள் இரண்டு கெஸ்ட் வேண்டும் என்கிறார்கள், கொருக்குப்பேட்டையில் ஒரு ஸ்டாப்பரை, பின்வரிசை நடுவில் நிற்பவனை, பார்த்து வைத்திருக்கிறார்களாம், வேறு யாராவது பேசி முடிப்பதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிடச் சொல்லி தினமும் வாசலில் நிற்கிறார்கள். நேற்று இரவு புதுப் பக்கத்தில் தேதி போட்டு, முதல் வரியில் கோச் பெட்ரோல், மூன்று மாதத்துக்கு 3,600 என்று எழுதினேன். அடுத்த வரியில் பந்து இரண்டு. அதற்கடுத்து கெஸ்ட் என்று எழுதி, தொகையின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிஸ்கட் வாங்கி வைக்க வேண்டும்.