எட்டு டாலர் வரிசையும் மிலான் டிராமும்

சான்ஃபிரான்சிஸ்கோ என்றாலே அம்மாவுக்குக் கேபிள் கார்தான், தெருவுக்கடியில் ஓடும் கம்பி இழுத்துப்போகும் பழைய வண்டி. பவல் தெருவில் வரிசை ரேஷன் கடை போல வளைந்து நின்றது. ஆளுக்கு எட்டு டாலர் வேறு. "கால் கடுக்குதுடா" என்றாள். சரி என்று மார்க்கெட் தெரு நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே எஃப் தடத்து டிராம் வரும். பஸ் கட்டணம்தான், பஸ் கார்டே போதும்.

வந்தது இத்தாலியின் மிலான் நகரத்திலிருந்து வந்த ஆரஞ்சு நிற வண்டி, 1928 மாடல். உள்ளே இருபுறமும் நீளமான மர பெஞ்சு, திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி. வார்னிஷ் வழவழப்பில், பிரேக் போட்டால் வரிசையே ஒரு சாண் நகர்கிறது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே ஒருவர் மடியில் காய்கறிப் பை.

"மியூசியம் வண்டின்னியே, இவர் கீரை வாங்கிட்டுப் போறாரே?"

எனக்கு இந்தத் தடம் பிடிப்பதே அதனால்தான். 1980களில் கேபிள் கார்களை மராமத்துக்கு நிறுத்தியபோது, சுற்றுலாக்காரர்களுக்காக 1983 கோடையில் பழைய டிராம்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஊருக்குப் பிடித்துப்போய், 1995இல் நிரந்தரத் தடமாகிவிட்டது. 1989 நிலநடுக்கத்தில் சேதமான கடற்கரை மேம்பாலத்தை இடித்த பிறகு அந்தப் பக்கம் திறந்துகொள்ள, 2000இல் மீன்பிடித் துறை வரை தண்டவாளம் நீண்டது.

ஓடுவதில் பெரும்பாலானவை மிலான் வண்டிகள் அல்ல, 1940களின் ‘பிசிசி’ என்ற வகை அமெரிக்க டிராம்கள். கார் மாதிரி காலால் மிதித்துத்தான் ஓட்டுகிறார்கள். பல வண்டிகள் ஃபிலடெல்பியாவிலிருந்து வாங்கிய செகண்ட்ஹேண்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊரின் பெயின்ட். ஃபிலடெல்பியாவில் ஓடிக் களைத்த வண்டி இங்கே கான்சாஸ் சிட்டி வேஷம் கட்டிக்கொண்டு திரிகிறது. மிலானிலோ இதே 1928 வண்டிகள் இன்றும் ஆபீஸுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கின்றன.

இறங்கி, கடல் சிங்கங்களைப் பார்த்து, ("என்ன நாத்தம்!") திரும்ப நிறுத்தத்துக்கு வந்தோம். பச்சையும் க்ரீமுமாக ஒரு பிசிசி வந்து நின்றது. மெத்தை இருக்கை, காலி இடம். நான் கார்டை எடுத்துவிட்டேன்.

"இது வேண்டாம். அந்த மர பெஞ்சு வண்டி வரட்டும்."

விரிகுடாக் காற்று காதைக் கிழித்தது. அம்மா புடவைத் தலைப்பைத் தலையில் போர்த்திக்கொண்டு மேலும் இரண்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பினாள். கால் கடுப்பைப் பற்றி மூச்சே இல்லை.