பழைய அம்பாசிடருக்கு ஒரு வாட்டர் பம்பு

புதுச்சேரியில் மோட்டார் உதிரிபாகக் கடையொன்றின் கவுண்டரில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். "அம்பாசிடருக்கு ஒரு வாட்டர் பம்பு கொடுங்க" என்று கேட்டு யாராவது வந்தால், நான் உடனே அலமாரிப் பக்கம் திரும்புவதில்லை. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அந்த வண்டியின் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை என்றாலும், உள்ளே இருந்த எஞ்சின் காலத்துக்குக் காலம் மாறியது. பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், அதே கொள்ளளவில் பின்னர் வந்த டீசல் எஞ்சின், 1990களில் சேர்ந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் ஆகியவை கம்பெனி பொருத்தியவை. வேறு வண்டியின் டீசல் எஞ்சினை டாக்சிக்காரர்கள் தாங்களாகவே பட்டறையில் மாற்றி ஏற்றிய அம்பாசிடர்களும் கடலூர், விழுப்புரம் பக்கம் ஓடியிருக்கின்றன. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் மாடலைக் காட்டிலும், பானட்டைத் திறந்து பார்த்து எழுதி வந்த எஞ்சின் எண் எனக்கு உதவும். கழற்றிய பழைய பம்பு கையோடு வந்தால் இன்னும் நல்லது.

பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற, ஊரில் சொல்தா என்று அழைக்கப்படும் பெரியவர் ஒருவர், தம்முடைய மார்க் 2 அம்பாசிடருக்காக இரண்டு பம்புகளுடன் ஒருமுறை வந்தார். ஒன்று வண்டியிலிருந்து கழற்றியது. மற்றொன்று அவருடைய மகள் ஐரோப்பாவில் வாங்கி அனுப்பிய, எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பம்பு. "ரெண்டும் பி சீரிஸ்தானே தம்பி, பூட்டிடலாம் இல்ல?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. ஆனால் ஒரே குடும்பத்துப் பம்பு என்பதற்காக அது ஒரே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி.யிலேயே மூக்கு, அதாவது புல்லி பூட்டும் முன்பகுதி, நீளத்தில் வேறுபட்ட பம்புகள் உண்டு. "அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் ஐயா" என்று இரண்டையும் மேசையில் நிறுத்தினேன்.

பெரும்பாலோர் பழைய கேஸ்கெட்டைப் புதிய பம்பின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். போல்ட் துளைகள் ஒத்து வந்ததும் பொருந்திவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இவருடைய பம்பிலும் துளைகள் ஒத்துத்தான் வந்தன. நான் பார்க்கும் அடுத்த அளவு, பம்பு எஞ்சின் பிளாக்கோடு ஒட்டும் முகத்திலிருந்து புல்லி உட்காரும் ஹப்பின் முகம் வரை உள்ள நீளம். கிராங்க் புல்லி, டைனமோ புல்லி, பம்பு புல்லி மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்றால்தான் பெல்ட் தடத்தில் ஓடும். நேர்கோடு சில மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட்டின் ஓரம் பிய்ந்து கீச்சென்று சத்தம் வரத் தொடங்கும். அதோடு, அந்த எஞ்சினில் விசிறியும் அதே ஹப்பில்தான் பூட்டப்படுகிறது என்பதால், மூக்கு நீண்ட பம்பு விசிறியை ரேடியேட்டரின் பக்கம் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் ஆடுகிற பொருள். நின்ற நிலையில் இடைவெளி இருப்பதாகத் தெரிந்தாலும், ஒரு பள்ளத்தில் இறங்கும்போது விசிறி ரேடியேட்டரைக் கிழித்துவிடலாம். பெரியவரின் எம்.ஜி.பி. பம்புக்கு மூக்கு நீளமாகவே இருந்தது. குட்டையாக இருந்திருந்தால் ஸ்பேசர் வைத்து ஓரளவு சரிக்கட்டலாம். நீளமாக இருப்பதைக் குறைக்க ஹப்பையும் புல்லியையும் கடைய வேண்டியிருக்கும், அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மரையும் கவனிக்க வேண்டிய ஒன்று. பி.எம்.சி. எஞ்சின் அங்குலக் கணக்கில் பிறந்தது. இசுசு எஞ்சின் மில்லிமீட்டர் கணக்கு. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. என்பதால் 8 மி.மீ. போல்ட்டிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாது. மரையின் நெருக்கம் மட்டும் வேறாக இருப்பதால் இரண்டு சுற்று கையால் ஏறிவிட்டு, பிறகு இறுகும். அந்த இடத்தில் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். பிறகு பம்பு வாங்கிய காசைவிட மரை போட்ட கூலி அதிகமாகும்.

உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் மாற்றுப் பம்புகளை எடைபோட்டுப் பார்ப்பது என் வழக்கம். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்தான் இம்பெல்லர். வார்ப்பு இரும்பு இம்பெல்லர் உள்ளதும் மெல்லிய தகட்டை வளைத்து அடித்த இம்பெல்லர் உள்ளதும் ஒரே பெட்டி நிறத்தில் வரும். இரண்டாவதை முற்றாகக் குறைசொல்ல மாட்டேன், நல்ல தண்ணீர் உள்ள ஊரில் அது உழைக்கும். எங்கள் கரையோரத்தில் அப்படியில்லை. உப்பேறிய போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றிப் பழகிய வண்டிகளின் இம்பெல்லரைக் கழற்றினால், இறக்கைகள் கரைந்து, ஓரம் கத்தியைப் போல மெலிந்திருக்கும். அந்த நிலையில் தகட்டு இம்பெல்லர் தாங்காது.

பெரியவரின் பழைய பம்பைத் துடைத்துப் பார்த்தபோது உடலில் வெடிப்பு இல்லை, ஒட்டும் முகமும் அரிக்கப்படவில்லை. கழுத்தின் அடியில் இருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் சொட்டியதுதான் புகார். ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்ததை அறிவிப்பதற்காகவே வைத்த துளை அது. சிலர் அதை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு ஒழுகல் நின்றுவிட்டதாக மகிழ்வார்கள், தண்ணீரோ பேரிங்குக்குள் போய்விடும். இவர் அடைக்கவில்லை. எனவே புதிய பம்பு விற்பதைவிட, அதே உடலில் புதிய பேரிங்கும் சீலும் இம்பெல்லரும் ஏற்றித் தருவதே சரியான பொருத்தம் என்று சொன்னேன். கவுண்டரில் நிற்பவன் இப்படிப் பேசினால் முதலாளியின் முகம் கொஞ்சம் சுருங்கும்; ஆனால் பொருந்தாத பம்பு திரும்பி வரும்போது அந்த முகம் இன்னும் அதிகமாகச் சுருங்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

தட்டாஞ்சாவடியில் உள்ள லேத் பட்டறைக்கு அனுப்பும்போது மூன்று விஷயங்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பழைய ஹப் நின்ற நீளத்தைக் கழற்றும் முன்பே அளந்து, புதிய ஷாஃப்டில் அதே இடத்தில் அழுத்தி நிறுத்த வேண்டும். இம்பெல்லருக்கும் பம்பு உடலுக்கும் இடையே அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை இடைவெளி வேண்டும். கூடினால் ஐடிலிங்கில் தண்ணீர் மந்தமாகச் சுற்றி நேரு வீதி நெரிசலில் வண்டி சூடேறும், குறைந்தால் உரசும். கடைசியாக, அந்தக் காலத்துப் பம்பின் உடலில் பேரிங்குக்கு மசகு விடுவதற்கென்று திருகாணியிட்ட ஒரு துளை உண்டு. பேரிங்கின் துளை அதற்கு நேராக வரும்படி இறக்க வேண்டும். அந்தத் துளையில் கிரீஸை அளவாகத்தான் இட வேண்டும் என்பதைப் பெரியவரிடமும் தனியாகச் சொன்னேன், ஏனெனில் மிகுந்தால் அது பேரிங்கைத் தாண்டிப் போய் சீலின் கார்பன் வளையத்தில் படிந்து மீண்டும் ஒழுக வைக்கும்.

பம்பு பூட்டிய பிறகு பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று அவருடைய மெக்கானிக் தொலைபேசியில் கேட்டார். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கினால் போதும் அண்ணே, அதற்கு மேல் இறுக்கினால் புதுப் பேரிங்கை நாமே கொல்கிறோம் என்றேன். ரேடியேட்டரில் என்ன ஊற்றுவது என்பதற்கு, நம் ஊரில் உறைபனி இல்லாவிட்டாலும் துருத் தடுப்பு மருந்துக்காகவும் கொதிநிலை உயர்வதற்காகவும் கூலன்ட் வேண்டும், அதைக் கலக்க பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கேன்களையும் பில்லில் சேர்த்து அனுப்பினேன். எம்.ஜி.பி. பம்பை மகளிடமே திருப்பி அனுப்பிவிடச் சொன்னேன். பெட்டி கிழியாமல் இருந்ததால் அதை விற்ற அந்த ஊர்க் கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.