மெமரி சிப் பங்குகள்: பாதிச் செய்தியை வைத்து ஒரு கணக்கு

கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிற ஊகம் இது. மெமரி சிப் செய்யும் கம்பெனிகளின் பங்குகள் இன்னும் ஏறும் என்று தோன்றுகிறது. கையில் இருப்பது நாலைந்து துணுக்குச் செய்திகள்தான், ஆனால் அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

ஏஐ சர்வர்களுக்குப் போகும் எச்பிஎம் (சிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்யும் அதிவேக) மெமரியை, கம்ப்யூட்டர்களில் இருக்கும் சாதாரண டிடிஆர்5 மெமரியின் அதே கொள்ளளவுக்குச் செய்ய ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபர், அதாவது சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தகடு, தேவைப்படுகிறது. இதை மைக்ரானே சொல்லியிருக்கிறது. இந்த இரண்டும் அடங்கிய டிராம் வகை மெமரியைச் செய்வதில் பெரிய ஆட்கள் மூன்றே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மூவரும் எச்பிஎம் பக்கம் திரும்பினால் லேப்டாப்புக்கும் போனுக்கும் போகிற மெமரி குறையும், விலை ஏறும். 2025 டிசம்பரில் மைக்ரான், நுகர்வோருக்கு விற்றுவந்த க்ரூஷியல் வியாபாரத்தையே விடப்போவதாக அறிவித்தபோது என் எண்ணம் உறுதிப்பட்டது.

இதுவரை சரி. என்னை உறுத்துவது ‘தட்டுப்பாடு’ என்ற செய்திதான். சரக்கு கிடைக்காது என்று தெரிந்ததும் வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? நூறு வேண்டுமென்றால் நூற்றைம்பது கேட்பார்கள், அதையும் இரண்டு மூன்று இடங்களில் சொல்லிவைப்பார்கள், எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்துவிடலாம் என்று. விற்பவரின் ஆர்டர் புத்தகத்தில் அத்தனையும் உண்மையான தேவை மாதிரியே நிற்கும். இணையக் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனி இதில் மாட்டியது. 2000 மார்ச்சில் அதன் சந்தை மதிப்பு 50,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, தேங்கிப்போன சரக்குக்காக 225 கோடி டாலரை நஷ்டமாக எழுதவேண்டி வந்தது. இணையம் வளரும் என்று நம்பி வாங்கியவர்களின் ஊகம் தப்பே இல்லை, இணையம் வளரத்தான் செய்தது. ஆனால் பங்கு பழைய உச்சத்தை மறுபடி எட்ட 2025 டிசம்பர் ஆனது!

மெமரிக்கே வந்தால், இதே மைக்ரான் 2023 நிதியாண்டில் 580 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டிய கம்பெனி. அதற்குக் கொஞ்சம் முன்பும் தட்டுப்பாடுதான் பேச்சு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சீனாவின் ஏஐ கம்பெனி டீப்சீக் தன் வி3 மாடலின் பயிற்சிக்குச் சுமார் 56 லட்சம் டாலர்தான் ஆனது என்று 2024 டிசம்பரிலேயே எழுதிவிட்டது. முந்தைய ஆராய்ச்சிச் செலவு இதில் சேராது என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. இவ்வளவு குறைந்த செலவில் ஏஐ முடியும் என்றால் சிப் தேவை குறையுமே என்ற பயத்தில், ஏஐ சிப் செய்யும் என்விடியாவின் பங்கு 17 சதவீதம் விழுந்தது 2025 ஜனவரி 27 அன்று. நடுவில் அவர்களின் ஆர்1 மாடல் வந்தது உண்மைதான், ஆனாலும் எல்லோரும் பிடித்துக்கொண்ட அந்தத் தொகை ஒரு மாதமாகக் கண்முன்னேதான் கிடந்தது. அதனால்தான் தலைப்புச் செய்தியைவிட மூல அறிக்கையின் அடிக்குறிப்பை நான் அதிகம் நம்புகிறேன்.

ஆகவே வாங்கியிருக்கிறேன், கொஞ்சமாக. போனாலும் தாங்கக்கூடிய தொகைதான். எதற்காக வாங்கினேன் என்பதைத் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன், விலை இறங்கும்போது புதுக்காரணம் தேடி மனதைத் தேற்றிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. இப்போது நான் பார்ப்பது மெமரி கம்பெனிகளின் லாபத்தை அல்ல, அவர்களிடம் வாங்குகிற சர்வர், போன் கம்பெனிகளின் சரக்குக் கையிருப்பை. அடுத்த காலாண்டு முடிவுகளில் அவர்கள் விற்பனை அப்படியே இருந்து கையிருப்பு மட்டும் ஏறியிருந்தால், மெமரி விலை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அன்றைக்கே பாதியை விற்றுவிடுவேன்.