பூ இருக்கும் ஊர்களுக்கெல்லாம்: ஜாவா, பாலி நாட்குறிப்பு

பிப்ரவரி 17, 2024. போகோர்

ஜகார்த்தாவிலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல், அவ்வளவுதான் போகோர். காலையிலேயே கிளம்பிவிட்டேன். இங்கே மதியத்துக்கு மேல் மழை பெய்யாத நாள் குறைவு. ஊருக்கு மழை நகரம் என்றே பெயர்.

நடு ஊரில் 87 ஹெக்டேரில் விரிந்து கிடக்கிறது தாவரவியல் பூங்கா. 1817இல் ரெய்ன்வார்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் டச்சு அரசுக்காகத் தொடங்கியது. உள்ளே நுழைந்து சிறிது தூரத்தில் ஒரு சிறு வெள்ளை மண்டபம். ஆங்கிலேயர்கள் ஜாவாவை ஆண்ட கொஞ்ச காலத்தில் இங்கே இறந்துபோன ஒலிவியாவின் நினைவாகக் கட்டியது; அப்போது ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸின் மனைவி அவர். அப்புறம் கனாரி மரங்கள் இருபுறமும் நிற்கும் சாலை. அதன் நிழலில் நடப்பதற்காக மட்டுமே வந்தாலும் டிக்கெட் காசு வீண்போகாது.

நான் பார்க்க வந்தது டைட்டன் ஆரம். சுமத்ராக் காட்டுச் செடி, கிளைக்காத பூங்கொத்துகளில் உலகிலேயே மிகப் பெரியது இதனுடையது. பூத்தால் ஓரிரு நாள்தான், அழுகின இறைச்சி வாடை வேறு. இன்று பூ இல்லை, இலைதான். ஆனால் அந்த ஒற்றை இலையே ஒரு சிறு மரம்போல என் தலைக்கு மேல் குடை விரித்து நின்றது. தண்டில் இருந்த புள்ளிகளையும் இலை பிரியும் விதத்தையும் பார்த்தால் நம் ஊர்க்காரர் யாருக்கும் உடனே அடையாளம் தெரியும்: சேனைக்கிழங்கு! இரண்டும் ஒரே பேரினம்தான். நாம் வறுவல் போடுகிற கிழங்குக்கு இப்படி ஒரு அண்ணன் இருக்கிறான் என்பது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

1848இல் இந்தப் பூங்காவில்தான் நான்கு எண்ணெய்ப் பனைக் கன்றுகளை நட்டார்கள். அவற்றின் விதைகள் சுமத்ராவின் டெலிக்குப் போய், அங்கிருந்து மலேசியா வரை பரவின. மலேசியத் தோட்டங்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் குலை வெட்டியது இந்த வம்சத்து மரங்களில்தான். நான்கு கன்றுகள்! அதைச் சொல்லும் பலகை முன்னால் வெகுநேரம் நின்றேன்.

இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வாசலுக்கு வெளியே ஒரு கூரைக்கடியில் அசினான் சாப்பிட்டேன். மாங்காய், அன்னாசி, வெள்ளரி எல்லாம் உறைப்பும் புளிப்புமான சாற்றில் ஊறியது. மழைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

மார்ச் 9. ஜகார்த்தா

ரமலான் நோன்பு தொடங்க இன்னும் மூன்று நாள். நோன்புக்கு முன்னால் பெற்றோர் கல்லறைக்குப் போய்ப் பூத் தூவுவது இங்கே வழக்கம். அடுத்த வீட்டு இபு (அம்மா என்று மரியாதையாக அழைப்பது இப்படித்தான்), "நீயும் வாயேன்" என்று அழைத்தார். போனேன்.

கல்லறை வாசலில் பூக்கடைகள். உதிரி ரோஜா, குண்டுமல்லி, வெள்ளைச் செண்பகம், மனோரஞ்சிதத்துக்கு உறவான கெனாங்கா, மெல்லிசாக நறுக்கிய ரம்பை இலை, எல்லாம் கலந்து பைகளில் கட்டி வைத்திருக்கிறார்கள். மூடிய கண்ணோடு முகர்ந்தால் மதுரைப் பூச்சந்தை என்றுதான் சொல்வேன்.

இபு தன் அம்மாவின் கல்லருகே உட்கார்ந்து ஓதினார். பக்கத்துச் சிறுவர்கள் சில்லறைக்குப் புல் பிடுங்கிக் கொடுத்தார்கள். பிறகு தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பூத் தூவி, பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை மெல்ல ஊற்றினார். எனக்கும் ஒரு பிடி பூ கொடுத்தார். என் அம்மாவை நினைத்துக்கொண்டு தூவினேன். அவரிடம் அதைச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 15. மாடியூன், பிறகு மலாங்

இரவு ரயில். விடியும்போது மாடியூன். இங்கே இறங்கியதே காலைச் சாப்பாட்டுக்காக: பெசெல். வாழையிலையைக் கூம்பாக மடித்து, சோறு, அவித்த கீரை, முளைப்பயறு, மேலே வேர்க்கடலைச் சாந்து. அதில் வெள்ளையாக நீண்டு கிடந்ததைக் கடித்துப் பார்த்தேன். அகத்திப் பூ! லேசான கசப்பு, சாந்தின் இனிப்போடு சேர்ந்து அருமையாக இருந்தது. பரிமாறிய அம்மாள் நான் ரசிப்பதைப் பார்த்து இன்னும் ஒரு கை அள்ளி வைத்தார்.

ஜூன் 17. வொனோகித்ரி

ப்ரோமோ எரிமலைச் சரிவில் தெங்கர் மக்களின் ஊர். குளிர் எலும்பில் ஏறுகிறது. இங்கே ஆணும் பெண்ணும் சாரத்தைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டுதான் தெருவில் நடக்கிறார்கள்.

தெங்கர்கள் இந்துக்கள். அவர்களுடைய பூசைப் பொருட்களில் ஜாவா எடல்வைஸ் இல்லாமல் முடியாது. பறித்த பிறகும் நீண்ட காலம் நிறம் மாறாத சிறு வெள்ளைப் பூ. ஆனால் மலை முழுவதும் தேசியப் பூங்கா, செடி பாதுகாக்கப்பட்ட செடி, பறித்தால் குற்றம். பூசையும் நிற்கக்கூடாது, மலையும் மொட்டையாகக்கூடாது. ஊர்க்காரர்கள் விதையெடுத்து நாற்று வளர்த்துத் தங்கள் நிலத்திலேயே பயிரிடத் தொடங்கினார்கள். 2018இலிருந்து வொனோகித்ரி அதிகாரபூர்வமாக எடல்வைஸ் கிராமம். தோட்டத்தில் நின்ற பெரியவர் ஒரு கொத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கம்பளி போல மெத்தென்றிருந்தது. காட்டைக் காப்பதற்கு மக்களை விரட்டத்தான் வேண்டும் என்று பேசுகிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து பார்க்கவேண்டும்.

இன்னும் சில நாளில் கசாடா விழா. எரிமலை வாய்க்குள் காணிக்கை போடுவார்கள். அதற்காக வீடுதோறும் வேலை நடக்கிறது. என்னை அடுப்படியில் உட்காரவைத்து, வெள்ளை மக்காச்சோளத்தில் செய்த ஆரோன் சோறு கொடுத்தார்கள். வயிறு வெகுநேரம் சூடாக இருந்தது.

ஜூலை 20. சிபோடாஸ்

புஞ்சாக் மலைப்பாதை வாகன நெரிசலில் பாதி நாள் போய்விட்டது. சிபானாஸ் பக்கத்தில் இருக்கும் தாமான் புங்கா நுசந்தாரா 1995இல் திறந்த பெரிய பூந்தோட்டம், 35 ஹெக்டேர். பூக்களால் செய்த மயில், பூ கடிகாரம், குழந்தைகள் கூச்சல். அழகுதான். எனக்குப் பிடித்தது சிபோடாஸ். 1852இல் தொடங்கிய மலைத்தோட்டம், கெடே மலையின் அடிவாரம், மூடுபனி. ஜாவாவில் சிங்கோனா மரம் முதலில் வேர்விட்டது இங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலேரியா மருந்தான குயினைன் எடுக்கும் சிங்கோனாப் பட்டையில் 90 சதவீதத்துக்கு மேல் உலகத்துக்கு ஜாவாவிலிருந்துதான் போனது. திரும்பும் வழியில் சாலையோரம் சுட்ட சோளம், வெண்ணெயும் மிளகாயும் தடவி.

செப்டம்பர் 23. பெடுகுல், பாலி

நாளை மறுநாள் கலுங்கான். 210 நாளுக்கு ஒருமுறை வருகிற பண்டிகை. நேற்று வாழைக்குலைகளைப் பழுக்க மூடி வைத்தாகிவிட்டது, இன்று பலகாரம் செய்யும் நாள். எந்த வீட்டைக் கடந்தாலும் எண்ணெய் மணக்கிறது.

பிராத்தான் ஏரிக்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு மேலே தாவரவியல் பூங்காவுக்கு ஏறினேன். 1959இல் தொடங்கியது, 157 ஹெக்டேருக்கு மேல். பிகோனியாக்கள் புகழ்பெற்றவை, ஆனால் நான் அதிக நேரம் இருந்தது சடங்குத் தாவரங்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில். பாலி மக்களின் பூசைகளுக்கு வேண்டிய மரம், செடி, கொடி எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து வளர்க்கிறார்கள். நம் கோயில் நந்தவனங்களை இப்படி ஓர் அறிவியல் நிறுவனம் பேணினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏக்கமாக இருந்தது.

வெளியே வயல்களில் நீல ஹைட்ரேஞ்சியா. பக்கத்துப் பாத்தியில் முட்டைக்கோஸ். இங்கே பூவும் காய்கறி போலவே ஒரு வெள்ளாமை.

செப்டம்பர் 24

தங்கியிருக்கும் வீட்டு அம்மாளோடு விடிகாலைச் சந்தைக்குப் போனேன். ஆரஞ்சு நிறச் செண்டுமல்லி மூட்டை மூட்டையாக இறங்குகிறது. இதை இவர்கள் கெமிதிர் என்கிறார்கள். கலுங்கானுக்கு முன்னால் விலை ஏறிவிடும். அம்மாள் விடாமல் பேரம் பேசி இரண்டு பை வாங்கினார்.

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து சானாங் சாரி என்ற பூக் காணிக்கை செய்தோம். தென்னங்குருத்தைக் கிழித்து, மூங்கில் ஊசியால் குத்தி, உள்ளங்கை அளவு தட்டு. அதில் பூ வைப்பதற்குத் திசை உண்டு. கிழக்கே வெள்ளை, ஈஸ்வரனுக்கு. தெற்கே சிவப்பு, பிரம்மாவுக்கு. மேற்கே மஞ்சள், மகாதேவனுக்கு. வடக்கே விஷ்ணுவுக்கு நீலம் அல்லது பச்சை. அந்த நீலத்துக்குத்தான் நேற்றுப் பார்த்த ஹைட்ரேஞ்சியாவை இதழ் இதழாக உதிர்க்கிறார்கள். மேலே நறுக்கிய ரம்பை இலை. நான் ஒன்று முடிப்பதற்குள் அம்மாளின் பேத்தி ஐந்து முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே, கையைப் பார்க்காமலே.

வாசலில் ஆண்கள் பென்ஜோர் நட்டார்கள். நீண்ட மூங்கில், குருத்தோலைத் தோரணம், நெற்கதிர், தேங்காய். நுனி வளைந்து தெருவுக்குமேல் தொங்குகிறது. மாலையில் தெரு முழுவதும் அப்படி.

செப்டம்பர் 25

கலுங்கான். வெள்ளை உடுப்பில் குடும்பம் குடும்பமாகக் கோயிலுக்குப் போகிறார்கள். அம்மாள் எனக்கு ஒரு பட்டுத்துண்டை இடுப்பில் கட்டிவிட்டு உடன் அழைத்துச் சென்றார். விரல் நுனிகளில் பூவைப் பிடித்து, கூப்பிய கைகளை நெற்றிக்கு மேலே உயர்த்தி வணங்கி, பூவைக் காதோரம் செருகிக்கொள்கிறார்கள். ஆண்களும்தான். பிற்பகல் முழுவதும் சாப்பாடு.

அக்டோபர் 19. ஸ்லாவி

தெகால் பக்கத்துக் கடலோரத்தில் குண்டுமல்லித் தோட்டங்கள். இந்தோனேசியாவின் தேசியப் பூவே இதுதான், 1993இல் அறிவித்தார்கள். இங்கே பெரும்பங்கு பூ தேயிலைக்குப் போகிறது. காலையில் மொட்டாகப் பறித்து, இரவில் அவை விரியும் நேரத்தில் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். மணம் முழுவதையும் இலை குடித்துவிடும்.

கடையில் மண் கூஜாவில் தேநீர், மண் கோப்பையில் கற்கண்டு. கலக்கக்கூடாது. முதல் வாய் துவர்ப்பு, போகப்போக இனிப்பு. வறுத்த தோஃபு இரண்டு. பேசுவதற்கு ஆள் இல்லாவிட்டாலும் இரண்டு கூஜா குடித்தேன்.

நவம்பர் 30. பாத்துக், யோக்யகர்த்தா

முதல் மழைக்குப் பிறகு சில வாரம் மட்டும் பூக்கிற செம்பூ, அமரிலிஸ். ஒரு வீட்டுத் தோட்டம் முழுக்க ஒரே ஆரஞ்சுச் சிவப்பு. குனுங்கிடுல் மலையில் இதைக் களையென்று பிடுங்கிப் போட்டார்களாம். இந்த வீட்டுக்காரர் மட்டும் கிழங்குகளைச் சேர்த்து நட்டார். 2015இல் படங்கள் இணையத்தில் பரவ, படம் எடுக்க வந்த கூட்டம் பூக்கள்மேல் நடந்து, படுத்து, எல்லாவற்றையும் நசுக்கிவிட்டது. அப்போது செய்தியில் பார்த்தபோதே மனம் கொதித்தது. தோட்டம் மறுபடியும் எழுந்துவிட்டதை நேரில் பார்த்தது பெரிய ஆறுதல்.

நடைபாதை விட்டிருக்கிறார்கள். யாரும் அதைத் தாண்டவில்லை. ஒரு சிறுவன் ஓரத்தில் சாய்ந்திருந்த தண்டை நிமிர்த்திவைத்தான்.

கிழங்கும் விற்கிறார்கள். கழுத்து மண்ணுக்கு வெளியே தெரியும்படி நடவேண்டுமாம். வெயில் காலத்தில் தண்ணீரை அறவே நிறுத்திவிட்டால்தான் மழைக்குப் பூக்குமாம். ஐந்து வாங்கினேன். ரயில் இரவுதான், அதற்குள் ஊருக்குள் போய், பலாக்காயில் செய்யும் குடெக் சாப்பிட்டுவிடவேண்டும்.