செவ்வாயின் சாய்வும் மண்ணுக்கடியில் பனியும்: மூன்றாவது வாரம்

செவ்வாயின் வட அட்சரேகை 68 டிகிரியில், வறண்ட மண்ணுக்கு ஏழு சென்டிமீட்டர் கீழே பனி நிலைத்திருக்கும் என்று என் சிறிய பைத்தான் நிரல் நேற்றிரவு சொன்னது. ஃபீனிக்ஸ் விண்கலம் 2008-இல் இறங்கியது அந்த அட்சரேகையில்தான். சில சென்டிமீட்டர் மண்ணை வழித்ததுமே அது பனியைக் கண்டது. தோண்டிய குழியில் கிடந்த பகடைக்காய் அளவு வெள்ளைக் கட்டிகள் நான்கே நாளில் உருகாமல் ஆவியாகிப் போயின. அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை: திறந்து வைத்தால் நான்கு நாள் தாங்காத பனியை, அந்த மெல்லிய மண் எப்படிக் காத்து வைத்திருந்தது?

முதல் வாரம் வெப்பக் கடத்தலோடு போயிற்று. மண்ணை அரை சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பிரித்து, அரை மணிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் கணக்கிட்டேன். இரண்டாம் நாளுக்குள் எண்கள் தாறுமாறாக எகிறின. கால இடைவெளியை 200 விநாடியாகக் குறைத்ததும் அடங்கின. பகலின் சூடு மூன்று நான்கு சென்டிமீட்டரில் தேய்ந்துவிடுகிறது. 687 நாள் நீளும் ஆண்டின் கோடையோ ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை எட்டுகிறது.

பெரிய பிழை இரண்டாம் வாரத்தில். ஆண்டுச் சராசரி வெப்பநிலை மைனஸ் 75 டிகிரிக்குக் கீழே இருந்தால் பனி தங்கும் என்று எழுதிவைத்திருந்தேன். அது போதாது. அந்தக் குளிரில் நான்கைந்து டிகிரி ஏறினாலே பனிக்கு மேலுள்ள நீராவி அழுத்தம் இரட்டிப்பாகிறது. ஆகவே கோடைப் பகல்கள் சில, குளிர்காலம் முழுவதும் சேர்ந்ததைத் தின்றுவிடும். சராசரி காணவேண்டியது வெப்பநிலைக்கு அல்ல, நீராவிக்கு. மண் ஆழமாக ஆக அந்த ஏற்ற இறக்கம் மட்டுப்படுகிறது. காற்றின் நீராவியும் மண்ணுக்குள்ளிருக்கும் நீராவியும் சமமாகும் ஆழமே பனியின் கூரை. மண் காத்த விதம் அதுதான்.

இந்த வாரம் அச்சுச் சாய்வை, அதாவது கோள் சுழலும் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைத் தொட்டேன். நிலவின் தயவால் பூமியின் சாய்வு 22.1 முதல் 24.5 டிகிரிக்குள் நிற்கிறது. செவ்வாய்க்கு அப்படிப்பட்ட பெரிய துணைக்கோள் இல்லை. இன்று 25.2 டிகிரியில் இருக்கும் அதன் சாய்வு ஏறத்தாழ 1,20,000 ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்குகிறது. பிரெஞ்சு வானியலாளர் ஜாக் லாஸ்கர் குழுவினரின் 2004 கணக்குப்படி, கடந்த ஒரு கோடி ஆண்டுகளுக்குள் 45 டிகிரியையும் தாண்டியிருக்கிறது.

35 டிகிரி கொடுத்துப் பார்த்தேன். 68-ஆம் அட்சரேகையில் பனி இன்னும் ஆழத்துக்குப் போனது. நிலநடுக்கோடு சற்றுக் குளிர்ந்தும் அங்கே பனி பிடிக்கவேயில்லை. இரண்டு நாள் குழம்பிய பிறகுதான், காற்றின் ஈரத்தை நான் மாற்றவேயில்லை என்பது உறைத்தது. சாய்வு கூடினால் வடதுருவப் பனிக்கவிகை கோடையில் கடுமையாகச் சூடேறி, வளிமண்டலத்தில் நீராவியைக் கொட்டும். அந்த நீராவியைப் பத்து மடங்குக்கு மேல் உயர்த்தியதும் நிலநடுக்கோட்டு மண்ணுக்குள்ளும் பனி சேர்ந்தது! சாய்வு வெயிலைத்தான் இடம் மாற்றுகிறது. பனியை இடம் மாற்றுவது காற்று. இந்த மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் இதுதான்.

பனி நிறைந்த மண் வறண்ட மண்ணைவிடப் பல மடங்கு எளிதில் வெப்பம் கடத்தும். இதை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அந்த ஏழு சென்டிமீட்டர் மாறும். அதன் பிறகு, சூரியனுக்கு மிக அருகில் வரும் பருவம் ஏறத்தாழ 51,000 ஆண்டுச் சுழற்சியில் நகர்வதையும் நிரலுக்குள் கொண்டுவர வேண்டும்.